துருவேறிய குழி

உருளைக்கிழங்கை ஆற்றோரக் குழியில் புதைத்து, ஒன்பது மாதம் அதன்மேல் தண்ணீரை ஓடவிட்டு, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம் வந்த பிறகு கூழ் காய்ச்சிக் குடிப்பவர்கள் இந்த மலைக்காரர்கள். தோக்கோஷ் என்று பெயர். அதைக் குடித்துத்தான் மக்சிமினா நாலு பிள்ளை பெற்று எழுந்தாள். கேலி செய்கிறவன் வாயில் மண் விழ!

ஆனால் ஆறு கெட்டுவிட்டது. மேலே பனி சுருங்கச் சுருங்கக் கறுப்புப் பாறை அம்மணமாக வெளியே வந்தது. அதைக் கழுவி இறங்கிய தண்ணீர் துருவாக ஓடியது. மீன் செத்தது, ஆடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பின. அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டிக்கொண்டு வராஸ் நகரத்துக்கு இறங்கின.

"நாமளும் போயிடலாம்டி." இரண்டு வருடமாக அவள் புருஷன் ஹிலாரியோவுக்கு இதே பாட்டு.

"பக்கத்து ஓடை சுத்தமாத்தானே இருக்கு? அதுல குழி வெட்டுறேன். கிழங்கு வெள்ளையா வந்தா இங்கேயே கிடப்போம். சிவப்பா வந்தா வாயை மூடிக்கிட்டு உன்கூட வரேன்."

"நீயா? வாயை மூடிக்கிட்டா? அட, அதுக்காகவே சிவப்பா வரட்டும்!"

புல் பரப்பி, கிழங்கு கொட்டி, கல் ஏற்றினாள். மழைக்காலத்தில் ஆறு கல்லும் மண்ணும் அடித்துவந்து தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டது. துருத் தண்ணீர் கிளை பிரிந்து, குழி வெட்டிய ஓடைக்குள் புகுந்தது. மக்சிமினா பார்த்தாள். அன்றே குழியைப் பிரித்திருக்கலாம். ஆனால் நாள் ஆகாமல் தோக்கோஷ் குழியை யாரும் தொடமாட்டார்கள். அவளும் தொடவில்லை.

ஒன்பதாம் மாதம் இருவரும் கல்லை நீக்கினார்கள். புல் துருவாக வந்தது. கிழங்கைப் பிட்டாள், உள்வரை சிவப்பு. நாக்கில் வைத்தால் பழைய ஆணியின் ருசி. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. துக்கம்கூட இல்லை. கை மட்டும் குளிர்ந்தது.

ஹிலாரியோ ஒன்றை எடுத்து முழுதாக வாயில் போட்டான். தாடை ஒருகணம் நின்றது. பிறகு மென்றான்.

"நல்லாத்தான் இருக்கு. நிறம்தான் கொஞ்சம் மங்கல். அடுத்த வருஷமும் இங்கேயே போடலாம்."

மக்சிமினா அவனையே பார்த்தாள்.

"துப்பு."

"முழுங்கிட்டேனே."

"பைத்தியக்காரா," என்றாள். "ஆட்டைப் பட்டியிலேருந்து அவுத்து விடு. இறங்கலாம்."