செக்கரின் ஜன்னல்

கால்மாட்டை அண்ணனும் தலைமாட்டை அக்காவும் பிடித்துக்கொண்டு கட்டிலைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை நேற்றே முன்னறையில் கிடத்தியாகிவிட்டது. அவர் படுக்கையில் கிடந்த எட்டு மாதத்தில் அந்தக் கட்டிலின் ஒரு முனையைக்கூடத் தொடாதவர்கள், ஆள் இறங்கிய பிறகு இப்படி மூச்சு வாங்க இழுப்பதைச் சின்னவள் அறை வாசலில் சாய்ந்தபடி பார்த்தாள். வெறும் கட்டில் என்றால் பாசம் பொங்கத்தான் செய்யும்.

"சும்மா நிக்கறியே, ஒரு கை பிடியேன்" என்றாள் அக்கா.

"திருப்பிப் போட்டதே நான்தான். நானே எதுக்கு மறுபடி திருப்பணும்?"

அண்ணன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "அதைத்தான் கேக்கறேன். எவ்வளவு யோசிச்சு இந்தக் கட்டிலைப் போட்டோம்? கேமராவுக்கு மூஞ்சி நேரா தெரியணும்னுதானே? நீ பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திருப்பி வச்சிருக்கே."

"கேமராதான் செத்துப்போச்சே."

"ரிப்பேர்னு சொல்லு. இன்னைக்கு வீட்டுல அந்த வார்த்தை வேண்டாம்."

கட்டில் பழைய இடத்துக்கு வந்து நின்றது. கதவுக்கு மேலே மூலையில் வெள்ளை முட்டை மாதிரி உட்கார்ந்திருந்த கேமரா, கண் அவிந்து, எல்லாவற்றையும் பார்ப்பது போல் சும்மா இருந்தது. தரையில் மட்டும் கட்டில் கால்கள் இழுத்த வளைந்த கீறல்கள் தெரிந்தன. அண்ணன் அதைக் காலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. கால்மிதியை எடுத்து அதன்மேல் போட்டான்.

அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குச் செக்கர் என்று பெயர். பிள்ளைகளும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். ஊரையே சந்தேகத்தோடு பார்த்துச் சம்பளம் வாங்கிய மனிதர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, பார்ப்பவர் பார்க்கப்படுபவர் ஆனார். அண்ணன் நான்கு கேமரா வாங்கி மாட்டினான். சின்னவள் மதியம் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் அண்ணன் தன் அலுவலகத்திலிருந்து போனில் பார்த்துக்கொள்வான், சாயங்காலம் அக்கா தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு. "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறோம்" என்று அண்ணன் போகிற இடமெல்லாம் சொன்னான். கேமராவுக்குள்ளிருந்து பேசவும் முடியும். திடீரென்று சுவர், "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும். செக்கர் சுவரைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சு, போ" என்பார்.

ஜன்னல் அவர் தலைக்குப் பின்னால் போனது அப்படித்தான். தெருவின் சத்தம் மட்டும் வரும், தெரு வராது. எட்டு மாதமும் அவர் பார்த்தது கதவையும் அந்த வெள்ளை முட்டையையும்தான். ஒரு நாள் சின்னவள் கட்டிலைச் சற்றே திருப்பியபோது சுவர் அதட்டியது: "யாரு கட்டிலை நகத்தறது? மூஞ்சி தெரியல." அதோடு விட்டுவிட்டாள். அன்று விட்டதற்காகத் தன் மேலும் அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பு உண்டு.

போன சனிக்கிழமை இரவு, பாதுகாப்பை மேம்படுத்துகிறோம் என்று கேமரா கம்பெனி ஏதோ அப்டேட் அனுப்பியது. காலையில் நான்கு கேமராக்களும் விளக்கு அணைந்து கிடந்தன. மேம்படுத்திய லட்சணம் அது. சின்னவள் போனில் பார்த்தாள். அப்பாவின் முகம் அசையாமல் நின்றது. ராத்திரி அப்டேட் வருவதற்கு முன் கேமரா கடைசியாகப் பிடித்த படம். அடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில் 'இணைப்பு இல்லை' என்று இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல எண்ணைத் தேடியவள், நிறுத்திக்கொண்டாள். விளக்கெண்ணெய் விட்ட கண்கள் அல்லவா, தானாகவே தெரியட்டும் என்று விட்டாள். இரண்டு நாள் கடைக்கு விடுப்புச் சொன்னாள்.

செக்கர் மூலையைப் பார்த்தபடி கிடந்தார். "சிவப்பு லைட் எரியலையே."

"ஆமாப்பா. கெட்டுப்போச்சு."

"அப்ப இப்ப யாரும் பாக்கலையா?"

"யாரும் பாக்கல."

அவர் முகத்தில் அவள் வெகு நாளாகக் காணாத ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. "அப்ப வண்டியத் திருப்பு."

ஆளோடு கட்டிலை இழுப்பது லேசான காரியமா? ஒரு மூலையைத் தள்ளி, மறு மூலைக்கு ஓடி, அதை இழுத்து, அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. அவரோ தலையணையில் சாய்ந்துகொண்டு, "ரைட்... ரைட்... வரலாம், வரலாம்... ஹோல்டான்!" என்று நாட்டாண்மை செய்தார். கடைசியில் ஜன்னல் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மாடி ஜன்னல். கீழே பஸ் நிறுத்தம், மருந்துக் கடை, நடைபாதை. செக்கர் பணிக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிறும் திங்களும் தெருவில் போன ஒருவரையும் அவர் விடவில்லை. குடை பிடித்துப் போன வாத்தியாரின் நடையில் நடிப்பு. போனில் பேசிக்கொண்டே போனவளுக்கு எதிர்முனையில் ஆளே இல்லை. மருந்துக் கடைக்காரன் சிரிப்பில் கலப்படம். "நல்லாப் பாத்துக்கோ" என்று அவளுக்கும் பாடம் நடந்தது. "டிக்கெட் வச்சிருக்கிறவன் செக்கரைப் பாத்தா கண்டுக்கவே மாட்டான். எடுக்காதவன்தான் சட்டைப் பையத் தட்டிப் பாப்பான். இருக்கிற மாதிரியே தட்டுவான், படவா." சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்துப்போனது. வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

அந்த இரண்டு நாளும் அண்ணன் கூப்பிடவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர், "அங்க பாரு, நீலச் சட்டை. நடையே சொல்லுது, டிக்கெட் எடுத்திருக்க மாட்டான்" என்றார். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் நீலச் சட்டை மறைந்துவிட்டது. காபி கலக்க அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் தெருவைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணாடி மூக்கில் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு முறை கூப்பிட்டாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். துண்டித்தான். அக்காவுடையது அடித்து ஓய்ந்தது. மறுபடி அண்ணனுக்குப் போட்டாள், மறுபடி துண்டித்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த காபியைக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குடித்தாள். எதை வீணாக்கினாலும் அவருக்குப் பிடிக்காது. அப்போதுதான் குடும்பக் குழுவில் அண்ணனின் செய்தி வந்து விழுந்தது: "மீட்டிங்ல இருக்கேன். கேமரால பாத்தேன். அப்பா இன்னைக்கு ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கார்." அடுத்த நொடியே அக்கா அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். அழ வேண்டிய நேரத்தில் காறித் துப்ப வேண்டும் போல் வந்தது. "அவங்க செக்கிங்ல நீங்க பாஸ் பண்ணிட்டீங்கப்பா" என்று அவரிடம் சொன்னாள். பிறகுதான் அழுதாள்.

அவள் குழுவில் விஷயத்தைப் போட்ட பிறகு, அண்ணன் வந்து இறங்குவதற்கு முன்பே அவனுடைய அந்தச் செய்தி குழுவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வந்தவன் ஒரு கதையோடு வந்திருந்தான். கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தது என்று யாரோ கேட்டதும் அதை அவிழ்த்துவிட்டான். "நான்தான் பாத்துட்டே இருந்தேன், போன்ல. நெஞ்சு ஏறி இறங்கறது தெரிஞ்சுது. என்னையே பாத்தார். பட்டுனு நின்னுபோச்சு. உடனே தங்கச்சிக்குப் போன் போட்டு, ஓடு, ஓடிப் போய்ப் பாருன்னேன்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பிள்ளை என்றால் இவனல்லவா பிள்ளை!

அவள் அவனை அடுப்படிக்குள் இழுத்துக் கேட்டாள். "நீ எனக்குப் போன் பண்ணியா? நான் பண்ணதை நீ கட் பண்ணே."

"மெதுவாப் பேசு. அது எல்லாருக்கும் தெரியணுமா?"

"அப்பா உன்னைப் பாக்கல. ஜன்னலைப் பாத்துட்டு இருந்தார்."

"எதைப் பாத்தா என்ன? போனவர் போயாச்சு. எங்க ஆபீஸ்ல இருந்தெல்லாம் வருவாங்க. கேமரா வேலை செய்யல, எனக்கே தெரியலன்னு சொல்லச் சொல்றியா? ஆமா, கெட்டுப்போச்சுன்னு நீயாவது சொன்னியா? நானே அதைக் கேக்காம இருக்கேன். வாயை மூடிட்டு இருந்தா உனக்கென்ன குறைஞ்சுடும்?"

குறைந்துபோவது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவன் கதையில் அவள் பக்கத்து அறையில் இருந்தும் ஒன்றும் தெரியாத மண்ணு. அது கிடக்கட்டும். அந்தக் கதையில் ஜன்னலே இல்லை. ரைட் ரைட் இல்லை, சிரிப்பு இல்லை. எட்டு மாதம் கிடந்தது போலவே முட்டையைப் பார்த்தபடி அவர் செத்துப்போகிறார். அவருக்கென்று கிடைத்த இரண்டே நாளையும் அவன் சுருட்டிக்கொண்டு போகிறான். ஆனால் கெட்டுப்போனதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அவளிடம் நல்ல பதில் இல்லை. அதனால்தான் இன்று காலை கட்டில் திரும்பியபோது வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

பத்து மணிக்கு மேல் அண்ணனின் பெயிண்ட் கம்பெனியிலிருந்து பெரிய மேனேஜர் வந்தார். முன்னறையில் கூட்டம் நெரிந்ததால் அவரை உள்ளறைக்கு அழைத்து வந்து மின்விசிறிக்கு நேரே நாற்காலி போட்டார்கள். சின்னவள் காபி கொண்டுபோனாள். அண்ணன் கட்டிலைத் தடவியபடி ஆரம்பித்திருந்தான். எத்தனையோ முறை சொல்லி, கதை இப்போது நன்றாகப் பழுத்திருந்தது. அப்பா அவனைப் பார்த்துக் கையை வேறு தூக்கியிருந்தார்.

"மீட்டிங்ல இருந்தேன் சார். ஆனா ஒரு கண்ணு இங்கதான். இதோ, இந்தக் கேமராதான். இது மட்டும் இல்லைன்னா..."

மூலையில் 'கிளிக்' என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளை முட்டை தன் கழுத்தை இடமும் வலமும் ஒரு முறை திருப்பி அறையைப் பார்த்தது. பிறகு, அண்ணனே ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பெண் குரலில், மிகத் தெளிவான தமிழில் பேசியது: "அப்டேட் கோளாறு சரிசெய்யப்பட்டது. கேமரா மீண்டும் இணைந்தது. சனிக்கிழமை இரவு முதல் பதிவுகள் எதுவும் இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

நேரம் பார்த்து வாயைத் திறப்பதில் அது செக்கரிடம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

முன்னறையில் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. பெரிய மேனேஜர் கேமராவைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"அது... சர்வீஸ் மெசேஜ் சார்" என்றான் அண்ணன். "அப்பப்ப இப்படித்தான் எதாவது உளறும்."

"ம்" என்றார் பெரிய மேனேஜர். காபியைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார். டம்ளரைச் சின்னவளிடம் கொடுக்கும்போது, "நீங்கதான் கூட இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு எழுந்தார். போகும்போது கால்மிதி விலகி, கீறல்கள் வெளியே வந்தன. அண்ணன் அதை மறுபடி மூடவில்லை.

மதியம் அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வீடு காலியாகி, அக்கா தலைவலி என்று படுத்துவிட்டாள். அண்ணன் ஸ்டுடியோவிலிருந்து சட்டம் போட்ட படத்தோடு வந்தான். சமீபத்துப் படம் வேறில்லை என்று, போனில் உறைந்து நின்ற அந்தக் கேமரா படத்தையே பெரிதாக்கியிருந்தான். மூலையிலிருந்த தேதியையும் நேரத்தையும் ஸ்டுடியோக்காரர் அழித்ததில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. படத்தில் செக்கர் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுக்காதவனை முறைக்கும் அதே முறைப்பு. "எவ்வளவு சாந்தம் பாத்தியா" என்றான் அண்ணன்.

அவன் நாற்காலி மேல் ஏறி, கேமராவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதே ஆணியில் படத்தை மாட்டினான். இறங்கியவன் கட்டில் முனையில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடி தணிந்த குரலில் கேட்டான்.

"கடைசியா எதாவது சொன்னாரா?"

"சொன்னார்."

"என்ன?"

"ஒரு ஆளைப் பத்தி."

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. பாவம் என்று ஒரு கணம் தோன்றியது, ஒரு கணம்தான். "என்னைப் பத்தியா?"

"தெருவுல போன ஆளு. யாருன்னு தெரியல."

அவன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்துவிட்டு எழுந்தான். "சரி. வர்றேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

சின்னவள் நாற்காலி மேல் ஏறிப் படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஜன்னல் திட்டில், கம்பியில் சாய்த்து, முகம் தெருவைப் பார்க்க வைத்தாள். சரியாக நிற்கவில்லை, கால்மிதியை மடித்து அடியில் கொடுத்தாள்.

கீழே அண்ணன் காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். பஸ் நிறுத்தத்துக்கு அருகே நின்று, என்ன நினைத்தானோ, ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். அவன் கை தானாக எழுந்து சட்டைப் பையை ஒரு முறை தட்டிப் பார்த்தது.