கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து

என் தம்பியை அறையை விட்டுக் கிளப்புவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். ஒரு நாள் நெரிசலில் வண்டி மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், உள்ளே படுத்திருந்த அம்மாள் இறந்துபோனார். அவன் மேல் ஒரு பிழையும் இல்லை என்று மேலதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். இவன் கேட்டால்தானே? சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவன், என் தையல்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சாப்பிடு என்றால் "ம்". குளி என்றால் "ம்". கல்லில் நார் உரித்திருந்தாலாவது ஏதாவது தேறியிருக்கும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்தாள்.

"மாத்திரை அதுபாட்டுக்கு இருக்கட்டும்க்கா. சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் பின்னால வாலிபால் ஆரம்பிச்சிருக்கோம். மனசு சரியில்லாதவங்க, தனியா கிடக்கிறவங்க, யார் வேணா வரலாம். நாலு பேரோட ஓடியாடினா மனசும் கொஞ்சம் அசையும்."

சொல்வதற்கென்ன, சுலபம். என் வீட்டுக்காரர் வேறு, "பந்து விளையாடினா போன உயிர் வந்துடுமா?" என்று அவன் காதுபடவே கேட்டுவைத்தார். அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, தம்பியின் செருப்பை எடுத்து அவன் காலடியில் போட்டேன்.

"நீ வரலைன்னா நானும் கடையைத் திறக்கல. ரெண்டு பேருமா உக்காந்து இந்தச் சுவத்தைப் பாப்போம்."

அந்த மிரட்டலுக்கு எழுந்தான்.

மைதானம் என்று நினைத்துப் போனால், அது சரக்கு வண்டிகள் நிறுத்துகிற சிமென்ட் தரை. மூலையில் காலிப் பெட்டிகள், நடுவில் எண்ணெய்க் கறை. நெட்டின் மேல்பட்டி கிழிந்து தொங்கியது. பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துக் கொடுத்தேன்.

ஆட வந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மருந்துக்கடைக்காரர் பந்து வரும்போதெல்லாம் போனை எடுப்பார். பெண்டாட்டியை இழந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்த சலூன்காரர், ஒவ்வொரு பாயிண்டுக்கும் கோர்ட்டில் வாதாடுவதுபோல் வாதாடுவார். என் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். பந்து அவன் தோளில் பட்டு விழுந்தாலும் குனிந்து எடுக்க மாட்டான். நான்தான் ஓடி எடுப்பேன். யாருக்கு வைத்தியம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் நர்ஸ் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, மனசில் உள்ளதைச் சொல்லச் சொல்வாள். சலூன்காரர் முட்டியில் உள்ளதைச் சொல்லுவார், அரை மணி நேரம். மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். என் தம்பி தரையைப் பார்ப்பான். எனக்கோ கடையில் பாதி தைத்த ரவிக்கைகள் காத்துக்கிடக்கும்.

'இந்த வாரத்தோடு சரி, இனி என்னால் முடியாது' என்று தீர்மானித்திருந்த நாளில்தான் அது நடந்தது.

சலூன்காரர் ஓங்கி அடித்த பந்து என் தம்பியின் காலருகே, கோட்டைத் தாண்டி விழுந்தது.

"உள்ள! பாயிண்ட்!" என்று துள்ளினார் அவர்.

"வெளிய," என்றான் தம்பி.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"நீ எங்கயோ பாத்துட்டு நின்ன, தம்பி. பந்து உள்ளதான்."

"நான் பாத்தேன். வெளிய."

"அட, விடுப்பா—"

"எதுக்கு விடணும்?" அவன் குரல் மார்க்கெட் சுவரில் மோதித் திரும்பியது. "கண்ணால பாத்ததைச் சொல்றேன்! யாராவது காதுல வாங்குறீங்களா? அன்னைக்கும் அப்படித்தான். சைரன் அடிச்சிட்டே இருந்தேன். முன்னால இருந்த கார்க்காரன் கண்ணாடில என்னைப் பாத்தான். பாத்துட்டும் நகரல. பின்னால அந்தம்மாவோட மகன் 'அண்ணே, சீக்கிரம்ணே'ன்னு கதறுறான். நான் எங்க போவேன்? எங்கண்ணே போவேன்?"

மருந்துக்கடைக்காரரின் போன் அடித்தது. முதல்முறையாக அவர் அதை எடுக்கவில்லை.

சலூன்காரர் நெட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். தம்பியின் முன்னால் நின்றார்.

"வெளியதான்ப்பா. பாயிண்ட் உங்களுக்கே."

"பாவம் பாத்துக் குடுக்காதீங்க," என்றான் தம்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வெளிய விழுந்துச்சு, அதனால குடுங்க."

"சரி, சாமி! வெளிய விழுந்துச்சு! பந்தைப் போடு!"

போட்டான். அது நேரே நெட்டில் போய் இடித்தது. யாரோ சிரித்தார்கள். "இன்னொரு தடவை போடவா?" என்று கேட்டான். "சட்டப்படி கிடையாது!" என்றார் சலூன்காரர். ஆட்டம் தொடர்ந்தது.

முடிந்ததும் நர்ஸ் நோட்டமிட்டபடி அவனிடம் வந்தாள். "இன்னைக்கு விட்டுடும்மா. வேணுங்கிற அளவு பேசிட்டான்," என்று நான் குறுக்கே நின்றேன். வீடு வரை தம்பி சலூன்காரரைத் திட்டிக்கொண்டே வந்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். டாக்டரிடம் போகிறான். ஆம்புலன்ஸ் நிலையத்தில் இப்போதைக்கு போன் எடுக்கிற வேலை. எந்தத் தெருவில் நெரிசல் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்கிறான். வண்டியை இன்னும் தொடவில்லை. சில நாள் படுக்கையை விட்டு எழுவதில்லை. அன்றைக்கெல்லாம் சலூன்காரர் என் கடைக்கே வந்துவிடுகிறார். "தோத்துடுவோம்னு பயமா? வாடா வெளிய!" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்துகிறார்.

அது போதாதென்று, ஒரு ஆள் குறைகிறது என்று என்னையும் ஆட்டத்தில் இழுத்துவிட்டார்கள். நேற்று நான் போட்ட பந்து காலிப் பெட்டிகளுக்கு நடுவே போய் விழுந்தது.

"அக்கா, துணி தைக்கிற கை மாதிரியே இல்லையே இது. மணிக்கட்டை ஏன் இப்படி மடக்குற?" என்று என் தம்பி எல்லோர் முன்னாலும் பாடம் நடத்துகிறான்.

"நீயே போய் எடுத்துட்டு வா," என்றேன்.