துரை வீட்டு மேசை

மேசை மேல் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சிவநேசன் காலையிலேயே உருவி எடுத்துவிட்டார். பர்மாத் தேக்கு மேசை, எட்டு நாற்காலிகள். இருபத்தேழு ஆண்டுகளாக அந்த வீட்டில் யாரும் அதில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. சாப்பாடெல்லாம் சமையலறைத் தரையில்தான். "கீறல் விழுந்தா வெல போயிரும்" என்பார். சின்ன வயதில் மகள் துளசி அதன்மேல் தாளை வைத்துப் படம் வரைந்ததற்காகப் பிரம்பை எடுத்திருக்கிறார்.

இன்று அதை விற்கப் போகிறார். கிள்ளானிலிருந்து பழைய சாமான் வாங்கும் மீரா சாகிபு பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

கம்போங் குவாந்தானுக்கு அப்பால் சிவநேசன் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தோட்டம் கைமாறியது தொண்ணூற்றெட்டில். தோட்ட மேலாளரான துரையின் பங்களாச் சாமான்களை அப்போது ஏலம் விட்டார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா பதினெட்டு வருடம் நின்றபடியே பரிமாறியவர். துரை சாப்பிட்ட மேசைக்கு மதிப்பு குறையும் என்று அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அதை ஏலத்தில் எடுக்க, வேலை போனதற்குத் தோட்டத்தில் கொடுத்த நட்ட ஈட்டுப் பணம் போதாமல் மனைவியிடம் போய் நின்றார்.  லோகேஸ்வரி ஐந்து பவுன் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

"வெள்ளி நோட்டு மதிப்பு எறங்குது, மரம் எறங்குமா? ஒருநாள் வித்து பத்து பவுனா உன் கழுத்துல போடுறேன் பாரு" என்றார் அன்று.

அதன்பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. போன வாரம் துளசியின் கல்யாணப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

"சம்பந்தியம்மா கழுத்து நெறயப் போட்டுக்கிட்டு வருவாங்க. எனக்கு அந்தக் கொடி மட்டும் இருந்தா போதுங்க."

புக்கிட் செந்தோசாவில் வேலை பார்க்கும் துளசி, தானே வாங்கித் தருவதாகச் சொன்னாள். "உன் காசு வேணாம்மா. உங்கப்பா கையால வரட்டும்" என்றுவிட்டாள் லோகேஸ்வரி.

கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தொரு நாள் இருந்தது.

மீரா சாகிபு லோரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். மேசையின் அடியில் குனிந்து பார்த்தார். ஒரு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்தார். விரல் மடக்கித் தட்டினார்.

"நல்ல சாமாண்ணே. இந்த மாதிரி மரம் இப்பக் கெடைக்காது."

சிவநேசனுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப சொல்லுங்க பாய்."

"எல்லாத்துக்கும் சேத்து நானூறு வெள்ளி."

"ஒரு நாற்காலிக்கா?"

"எல்லாத்துக்கும்ணே."

"விளையாடாதீங்க லா பாய்! நானூறுக்கு ஒரு கிராம் தங்கம்கூட வராது."

"தங்கம்னா நானே வந்து மூட்ட தூக்குவேன். இப்பப் புள்ளைங்க எல்லாம் பிளாட்ல இருக்குதுங்க. இது லிப்டுல ஏறாது. ஆன்லைன்ல தட்டினா பொட்டியில மேச வந்துருது. காலு ஆடுனா ரோட்டோரம் வெச்சுட்டு இன்னொண்ணு வாங்குதுங்க. என் கடைக்கு வந்து பாருங்க, இதே மாதிரி நாலு செட்டு மூணு வருசமாக் கெடக்கு."

"நல்லாப் பாருங்க பாய். ஒரு கீறல் கெடையாது. பொழங்கவே இல்ல நாங்க."

மீரா சாகிபு தயங்கினார். பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை.

"கீறல் இருந்தாலும் இதே வெலதாண்ணே."

சிவநேசன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போங்க உங்க லோரிய. நான் விக்கல."

அப்போது லோகேஸ்வரி தேநீரோடு வந்தாள். கொதிக்கும் குவளையை வெறும் மரத்தின் மேலேயே வைத்தாள். பழக்கத்தில் தடுக்க எழுந்த சிவநேசனின் கை பாதியில் நின்று, பிறகு கீழே இறங்கியது.

"குடிச்சிட்டு ஏத்திக்குங்க பாய்" என்றாள்.

"லோகா..."

"கல்யாண வீடுங்க. ஆளுங்க வந்தா பாய் விரிச்சுப் படுக்க எடம் வேணாமா?"

"அக்கா மொகத்துக்காக அம்பது சேத்துத் தர்றேன்" என்றார் மீரா சாகிபு, குவளையைப் பார்த்தபடி.

மேசைக் கால்களைக் கழற்றி ஏற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. லோரி கோலசிலாங்கூர் சாலையில் திரும்பும் முன்பே துளசி அழைத்துவிட்டாள்.

"அப்பா, போயிருச்சா? எவ்ளோப்பா கெடச்சுது?"

சிவநேசன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார். லோகேஸ்வரி அதை வாங்கிக்கொண்டாள்.

"போயிருச்சுடி. நல்ல வெலதான்."

"அப்பக் கொடி எப்பம்மா எடுக்கிறீங்க? சனிக்கிழமன்னா நானும் வர்றேன் லா."

"கொடியெல்லாம் வேணாம்னுட்டேன். இந்த வெயில்ல கழுத்துல கனமாத் தொங்கவிட்டா வேர்க்குருதான் மிச்சம். உங்கப்பா வாங்கித்தான் தீருவேன்னு நிக்கிறாரு, நான்தான் விடல."

"போன வாரம் நீங்கதானம்மா..."

"போன வாரம் சொன்னேன். இப்ப வேணாங்கிறேன். போய் வேலயப் பாரு."

கைப்பேசியை அவரிடம் நீட்டினாள்.

"ஏன் லோகா அப்படிச் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? எங்கப்பா ஏமாந்துட்டாருன்னு அவ மாப்ள வீட்டுல போய் நிக்கட்டுமா?"

நானூற்றைம்பது வெள்ளியை அவள் கையில் கொடுப்பதா, தன் சட்டைப் பையிலேயே வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அதைப் பார்க்கவும் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மின்விசிறியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பும் சத்தம் கேட்டது. தான் அழுவது வெளியே கேட்டுவிடக் கூடாது என்றால் அவள் அப்படித்தான் செய்வாள். அது அவருக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.