ஆலங்கட்டி நின்ற இடம்

நன்றி அறிவிப்பு ஞாயிறுக்கு முந்தின நாள் மத்தியானம், நூடுல்ஸும் சாசேஜும் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தபோதுதான் ஃப்ரீடா லோவனுக்கு அந்த விஷயம் தெரியவந்தது.

கனடாவின் தெற்கு மனிடோபாவில் அவர்கள் சபைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் வாய்விட்டு ஜெபிக்கிறதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவரவர் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்வார்கள். வீட்டுக்குப் பெரியவர் தலை நிமிர்ந்ததும் மற்றவர்கள் முள்கரண்டியைத் தொடலாம். பெர்ன்ஹார்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு முப்பத்து நான்கு வருஷம், வேளை தவறாமல் அந்தத் தலை நிமிரக் காத்திருந்தவள் ஃப்ரீடா. அன்றைக்கு அது நிமிர்கிற வழியாகவே இல்லை.

அவள் செருமிப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் பார்த்தாள். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"பென், என்ன, ஆதாம்ல இருந்து ஒவ்வொருத்தருக்கா வேண்டிக்கிட்டு வர்றியா? சாப்பாடு ஆறுது."

பெர்ன்ஹார்ட் நிமிர்ந்தார். திருட்டு முழி முழித்தார்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு," என்றார்.

"என்ன எண்ணிக்கை?"

"இருபது வரைக்கும் எண்ணிட்டு நிமிர்ந்துடுவேன். இன்னிக்கு ஏதோ நினைப்புல பதினொண்ணுக்கு அப்புறம் விட்டுட்டேன். திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன்."

ஃப்ரீடாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள்.

"ஜெபம் பண்றேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டு எண்ணிட்டிருந்தியா? எப்ப இருந்து?"

"ஆகஸ்ட்ல இருந்து."

ஆகஸ்டில் எந்த நாள் என்று கேட்கத் தேவையில்லை. ஒன்பதாம் தேதி சாயங்காலம் பன்னிரண்டு நிமிஷம் ஆலங்கட்டி பெய்தது. அறுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கோதுமை முழுசும் படுத்துவிட்டது. எண்ணெய் வித்துக்குப் போட்ட கனோலா இருந்த இடத்தில் காம்புகள்தான் நின்றன. தோட்டத்தில் பூசணிக்காய்கூட அம்மை போட்டதுபோல் குழிகுழியாகிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோர்னி தியசனின் வயலில் மட்டும் ஒரு கதிர் முறியவில்லை. யாரோ கோடு கிழித்துச் சொன்னதுபோல் ஆலங்கட்டி ரோட்டோரத்தில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஃப்ரீடாவாலும் ஜெபிக்க முடியவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தலையைக் குனிவாள், உள்ளே ஒரு வார்த்தையும் வராது. ஓரக்கண்ணால் புருஷனைப் பார்ப்பாள். அந்த நரைத்த தலை அசையாமல் குனிந்திருக்கும். 'இவனால் இன்னும் முடிகிறதே, வீட்டுக்கு ஒருத்தர் போதும்' என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு மாசமாக அவள் சாய்ந்துகொண்டிருந்த சுவர் அதுதான். இப்போது பார்த்தால் அந்த ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ பண்றேன்னு நம்பித்தான்டா நான் பண்ணல!" என்று கத்தினாள்.

பெர்ன்ஹார்ட்டுக்கு வாய் பிளந்துவிட்டது. "நீயும் பண்ணலையா? நீ பண்றேன்னுல்ல நான் சும்மா இருந்தேன்!"

"அப்ப இந்த வீட்ல ரெண்டு மாசமா ஒருத்தர்கூட ஜெபம் பண்ணலையா?"

அவர் நிதானமாக யோசித்தார். "பூனை பண்ணியிருந்தா உண்டு."

வேறு நாளாக இருந்தால் ஃப்ரீடா சிரித்திருப்பாள். அன்றைக்கு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. வாய்விட்டு ஜெபிக்கிற வீடாக இருந்திருந்தால் ஆகஸ்ட் பத்தாம் தேதியே தெரிந்திருக்கும். இந்த வீட்டில் அமைதிக்குள்ளே என்ன இருக்கிறது, ஒன்றுமே இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியாது.

"நாளைக்கு நான் வரல, ஃப்ரீடா," என்றார் பின்னாலிருந்து. "சொல்ல முடியாத நன்றிய சொல்ற மாதிரி உக்காந்திருக்க என்னால ஆகாது."

"சாட்சி சொல்றவங்ககிட்ட மைக்கைத் தூக்கிட்டு ஓடறது நான். நீ வராம நான் மட்டும் போனா என்ன ஏதுன்னு நாப்பது பேர் கேப்பாங்க. நீ பதில் சொல்லுவியா?"

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சரி, நாளைக்கு ஒருநாள் வரேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதே."

சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இனிமேல் சிகரெட் இல்லை என்றார், இல்லைதான்.

ஞாயிறு காலை சர்ச்சில் முன்மேஜை நிறைந்து வழிந்தது. கோதுமைக் கட்டு, உருளைக்கிழங்கு, ஊறுகாய் ஜாடி, ரொட்டி, ஆப்பிள் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் விளைச்சல் வந்திருந்தது. "இந்த வருஷம் நீ ஒண்ணும் கொண்டுவர வேண்டாம், ஃப்ரீடா, எங்களுக்குத் தெரியும்," என்று மூன்று பேர் போன் பண்ணிச் சொன்னார்கள். அந்த இரக்கம் தாங்காமலே அவள் குழி விழுந்த பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து நட்டநடுவில் வைத்தாள். ஆராதனை தொடங்குவதற்குள் எந்த மகராசியோ குழி தெரியாதபடி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

மார்கஸ் பாஸ்டருக்கு முப்பத்தொரு வயது. டொரோண்டோவிலிருந்து வந்தவர். நல்ல பையன், ஆனால் எதையும் எண் போட்டுத்தான் சொல்லத் தெரியும். கிறிஸ்தவர்கள் கடவுளுக்கு ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்பதற்கு ஐந்து காரணங்களைத் திரையில் காட்டினார். சொன்னால் மனசு லேசாகும் என்பது மூன்றாவது காரணம். ஃப்ரீடா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பெர்ன்ஹார்ட் திரையைப் பார்த்தபடி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனசு லேசானதாகத் தெரியவில்லை.

பிறகு சாட்சி நேரம் வந்தது. நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் கையைத் தூக்குவார்கள். ஃப்ரீடா மைக்கோடு ஓடுவாள். இர்ம்கார்ட் பென்னர் போன வருஷம் மாற்றிய முட்டிக்கு இந்த வருஷமும் நன்றி சொன்னாள். ஒருத்தர் புது டிராக்டருக்கு, ஒருத்தி டயட் பலித்ததற்கு. மூன்றாம் வரிசையிலிருந்து பதினேழாம் வரிசை, அங்கிருந்து மறுபடி நான்காம் வரிசை. கடவுளுக்கு நன்றி சொல்கிறவர்கள் வரிசையாகக் கை தூக்கினால் என்ன குறைந்துபோகும் என்று மனசுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டே ஓடினாள்.

அப்போது கோர்னி தியசனின் கை உயர்ந்தது.

கோர்னிக்கு எழுபத்திரண்டு வயது. எல்லா வருஷமும் பேசுவார். இந்த வருஷமாவது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று ஃப்ரீடா நினைத்திருந்தாள். மைக்கைக் கொடுத்தாள்.

"ஆகஸ்ட் மாசம் ஆலங்கட்டிய கர்த்தர் எங்க ரோட்டோரத்துல நிறுத்தினார்," என்றார் கோர்னி. "அதுக்காக நானும் ஹெட்விக்கும் அவருக்கு—"

அதற்குமேல் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மைக் ஃப்ரீடாவின் கைக்குத் திரும்பியிருந்தது. பிடுங்க வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை, கை பிடுங்கிவிட்டது.

"நின்னுச்சுன்னு சொல்றியே கோர்னி, நிக்கிற வரைக்கும் அது எங்க இருந்துச்சு?" என்றாள். ஒலிபெருக்கியில் சர்ச்சே அதிர்ந்தது. "எங்க தலைமேல இருந்துச்சு! ரோட்டுல நிறுத்தத் தெரிஞ்ச கர்த்தருக்கு அரை மைல் முன்னாடி நிறுத்தத் தெரியலையா? உன் பேரு ஞாபகம் வந்த மாதிரி எங்க பேரு ஞாபகம் வரலையா அவருக்கு? நீ அதுக்கு நன்றி சொல்லு, நாங்க எல்லாரும் ஆமென்னு சொல்றோம். நான் எதுக்குச் சொல்லட்டும்? அதையும் நீயே சொல்லு!"

ஒருத்தர் இருமினார். அந்தச் சபையில் அதுதான் பெரிய கூச்சல். மார்கஸ் பாதி எழுந்து, "நாம ஒரு பாட்டு பாடலாமா?" என்றார்.

"உக்காருங்க மார்கஸ்," என்றாள் ஃப்ரீடா. அவர் உட்கார்ந்துவிட்டார்.

கோர்னி அப்படியே நின்றார். பிறகு மைக் இல்லாமலே பேசினார்.

"நீ கேட்டது சரி. நான் சொல்றது நன்றி இல்ல ஃப்ரீடா, பயம். அன்னிக்கு நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். உங்க கோதுமை படுக்கிறது தெரிஞ்சுது. ஆண்டவரே, ரோட்டத் தாண்டி வர விடாதேன்னு வேண்டிக்கிட்டேன். வரல. யோசிச்சுப் பாரு, உங்க மேலயே விழட்டும்னு வேண்டிக்கிட்ட மாதிரிதானே அது? அடுத்த வருஷம் எனக்குத் திருப்பிக் கொடுத்துடுவாரோன்னுதான் எந்திரிச்சு எந்திரிச்சு நன்றி சொல்றேன்."

ஃப்ரீடா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"ஆனா பேரு மறந்துபோச்சுன்னு மட்டும் சொல்லாதே. எங்க வீட்டுக்காரி ஹெட்விக் இருக்காளே. லூத்தரன் சபை வீட்டுப் பொண்ணு, வாய்விட்டுத்தான் ஜெபிப்பா, உனக்கே தெரியும். ஆகஸ்ட்ல இருந்து மூணு வேளையும் உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லாம என்னை ரொட்டியத் தொட விடமாட்டா. பெர்ன்ஹார்டாலயும் ஃப்ரீடாவாலயும் இப்ப நன்றி சொல்ல முடியாது, அவங்க பங்கையும் சேத்து நாங்க சொல்றோம்னு சொல்லுவா. தினமும்! உண்மையச் சொல்றேன், உங்க பேரைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

"முடியாதுன்னு அவளுக்கு யாரு சொன்னா?" என்றாள் ஃப்ரீடா.

கோர்னி மனைவியைப் பார்த்தார். ஹெட்விக் உட்கார்ந்தபடியே, கைப்பையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எங்க பையன் ராபி செத்துப்போனப்ப எங்களாலயும் ரெண்டு வருஷம் முடியல, ஃப்ரீடா. யாரோ எங்களுக்காகச் சொல்லிட்டிருந்தாங்க. இல்லன்னா நாங்க இங்க திரும்பி வந்திருக்கவே மாட்டோம். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

ஃப்ரீடா நடைபாதையில் மைக்கோடு நின்றாள். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்களே! அந்த ஆலங்கட்டி மேல் அவளுக்கு இருந்த கோபம் நியாயமான கோபம். இரண்டு மாசம் பொத்தி வளர்த்த கோபம். கோர்னி மேல் இருந்த கோபம் அதைவிட நியாயமானது. இப்போது இந்தக் கிழவர் வீட்டில் தினம் மூன்று வேளை அவள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தபிறகு அதை என்ன செய்வது? தன் வீட்டில் ஒருத்தருமே ஜெபிக்கவில்லை என்று நேற்று மத்தியானம் முழுக்கப் பயந்தாளே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அது ஒரு வேளை விடாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதுவும் போயும் போயும் கோர்னி வீட்டில்.

"ஃப்ரீடா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று மார்கஸ் பயந்துகொண்டே கேட்டார்.

அவர்கள் வழியில் பெண்கள் சபைக்கு முன் வாய்விட்டு ஜெபிக்கிறது அபூர்வம். ஃப்ரீடா இந்த ஐம்பத்தெட்டு வயதுக்கு ஒரு தடவைகூடச் செய்ததில்லை. எப்படித் தொடங்குவது என்றும் தெரியாது. கண்ணை மூடவில்லை. தலையைக் குனியவில்லை. கூரையைப் பார்த்துச் சண்டைக்காரியைப் போல் பேசினாள்.

"ஆண்டவரே, அந்த ஆலங்கட்டிக்கு நான் நன்றி சொல்லமாட்டேன். ஐஞ்சு காரணம் காட்டினாலும் சொல்லமாட்டேன். ஏன் போட்டேன்னு நீர் எனக்குப் பதில் சொல்லணும், அத நான் விடப்போறதில்ல." மூச்சு வாங்கியது. "ஆனா எங்களால முடியாதப்ப எங்க பங்கைச் சொல்ல ஆள் வெச்சீரே. அதுக்கு நன்றி. ஹெட்விக்குக்காக நன்றி." எதிரே கோர்னி சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. "சரி, கோர்னிக்காகவும் நன்றி. வேற வழியில்லாம."

ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஃப்ரீடா மைக்கைத் தாழ்த்தினாள். போய் உட்காரலாம் என்று திரும்பினாள்.

ஆறாம் வரிசையில் பெர்ன்ஹார்ட் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியாது. இரண்டு கையாலும் முன்பெஞ்சைப் பிடித்திருந்தார். முகம் சிவந்துபோயிருந்தது. மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார்.

"ஆமென்," என்றார்.

கரகரப்பாக, கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் ஃப்ரீடா அதைத் தன் காதால் கேட்டாள்.