தொழிலாளியின் கவனக்குறைவு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாடி அறை ஒன்றில், ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில், என் முறை வந்தபோது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அங்கே பிறந்தது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘சலவை ஆலையில் நடந்த ஒரு விபத்தில் அவளுடைய வலது கை...’

(வேண்டாம். ‘விபத்து’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.)

2

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துத் தரும் ஆலை அது. சூடான உருளைக்குள் ஈரத்துணியைக் கொடுப்பது அவள் வேலை. உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அப்படி ஓயாமல் நின்று நின்று வேலை தேங்கியது. சூப்பர்வைசர் ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கம்பியின் ஒயரைக் கழற்றிவிடச் சொன்னான். அவளுக்குச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவள் கை உள்ளே போயிற்று. மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலமே ஒயரை மறுபடி மாட்டிவிட்டார்கள். அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினான் சூப்பர்வைசர்.*

(முதல் பிரதியில் அவனைத் தொப்பையும் சிடுமூஞ்சியுமாகப் படைத்திருந்தேன். பொய். ஆள் ஒல்லி. நன்றாகச் சிரித்துப் பேசுவான். இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான்.)

* அவளுக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை. அறிக்கையை நம்பிவிட்டாள்.

3

நான், அவள், ஃபிட்டர் மூவரும் ஒரே கூட்டத்துக்குத்தான் போகிறோம். அங்கே அவரவர் குற்றத்தை வாய்விட்டுச் சொல்வோம்; மற்றவர்கள் அவருக்காக ஜெபிப்போம். இரண்டு வருஷமாக அவள் ஒன்றையேதான் சொன்னாள்: “என் கவனக்குறைவால பிள்ளைங்களுக்குப் பாரமாயிட்டேன். ஆண்டவர் மன்னிக்கணும்.” நாங்கள் எல்லோரும், நானும்தான், கண்ணை மூடி அவளுக்காக மன்னிப்புக் கேட்டோம்.

போன மாதம் ஃபிட்டரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“அக்கா, போதும். நீங்க கேக்காதீங்க. ஒயரைக் கழட்டினது நான்.”

யார் சொல்லிக் கழற்றினான் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

“அப்போ ரெண்டு வருஷமா என்னை ஏன்டா மன்னிப்புக் கேக்க விட்டே?” என்றாள்.

அவன் தேம்பித் தேம்பி அழுதான். எழுந்து கதவுப் பக்கம் போனான்.

“போகாதே. இங்கேயே உக்காரு.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் உட்கார்ந்தான். மற்றவர்கள் அவன் தோளில் கைவைத்து ஜெபித்தார்கள்.

அடுத்தது என் முறை. “எனக்கு ஒண்ணுமில்ல,” என்றேன்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். சூப்பர்வைசர் அவள் காலில் விழுகிறான், எல்லோரும் அழுகிறார்கள். (சினிமா.) அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும், எப்போதோ மன்னித்துவிட்டாள். (எனக்கு ரொம்ப வசதி.) எப்படி எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் என்னை நானே மன்னித்துவிடுகிறேன். ‘ஏன்டா’ என்று கேட்க எதிரே ஆள் இல்லையே.

5

நேற்று இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். என் முறை வந்ததும் படிக்கத் தொடங்கினேன். முதல் பத்திகூட முடியவில்லை.

“படிக்காதீங்கண்ணா,” என்றாள். “பேப்பரைக் கீழ வச்சிட்டுச் சொல்லுங்க.”

வைத்தேன். சொன்னேன்.

அவள் பதிலுக்கு என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன். அங்கே இருந்த மற்ற ஐந்து பேரும் அதைக் கேட்டார்கள். முடிவு வேண்டுமென்றால் அவர்களைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.