வார்னிஷ் வழிந்த இடம்

கிட்டார் வந்த பெட்டியைத் தன் கட்டிலருகே வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று என் தம்பி ரீனோ உத்தரவு போட்டிருந்தான். தம்பி என்றால் ஒரு வயதுதான் இளையவன். அறுபத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. செட்டா என்று என் பேர், இல்லாவிட்டால் வாடி, போடி, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

"கத்தியை ஆழமா விடாதடி. உள்ள இருக்கறது உருளைக்கிழங்கு இல்ல."

"வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுடா. அதுக்குத்தானே மூக்குல குழாய் சொருகியிருக்கு."

அவனுக்கு நுரையீரலில் புற்று வந்திருந்தது. எங்கள் ஊர் மெக்கேயில் முப்பத்தெட்டு வருஷம் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவன். அந்தப் புகையால் வந்ததா, அவன் ஊதித் தள்ளிய சிகரெட்டால் வந்ததா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ரிட்டயர் ஆனதும் மீன்பிடிப் படகு வாங்குவதாக இருந்தான். இனிமேல் கடலுக்குப் போகிற உடம்பு இல்லை என்று தெரிந்த வாரமே, அந்தப் பணத்தில் எட்டாயிரம் டாலரை எடுத்து எனக்காகக் கிட்டார் செய்யச் சொல்லிவிட்டான். தெற்கே விக்டோரியாவில் நாலே பேர் வேலை செய்கிற பட்டறை. ஏழு மாதம் காத்திருந்து வந்தது இது.

நான் வியாழக்கிழமைதோறும், புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற பவுல்ஸ் கிளப்பில் பாடுகிறவள். அடகுக் கடையில் வாங்கிய கிட்டாரை வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டியாயிற்று. "ஒரு நல்ல கிட்டார்ல நீ வாசிச்சு நான் கேக்கணும்டி" என்றான். 

பெட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சு நடந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே ரீனோ கையைத் தூக்கிவிட்டான். "எத்தனை நாள், எத்தனை மாசம், அதெல்லாம் எனக்கு வேண்டாம் டாக்டர். தெரிஞ்சா நான் அதையே எண்ணிக்கிட்டு படுத்திருப்பேன். இவகிட்ட சொல்லுங்க. செட்டா, நீ எங்கிட்ட சொல்லக்கூடாது. மாதாமேல சத்தியம் பண்ணு." பண்ணினேன். வெளியே தாழ்வாரத்தில் வைத்து டாக்டர் சொன்னார். ஆறு வாரம். நன்றாக இருந்தால் எட்டு. 

சரி, கிட்டாருக்கு வருவோம். கறுப்பும் தேன் நிறமுமாக வரிவரியாக ஓடுகிற மரம். அம்மம்மா, என்ன அழகு! மடியில் வைத்து ஒரே ஒரு தடவை தந்திகளை மீட்டினேன். அறை முழுக்க நிறைந்து, அடங்கவே மாட்டேன் என்று நின்றது சத்தம். ரீனோ கண்ணை மூடிக்கொண்டான். மாதக்கணக்கில் அவன் முகத்தில் நான் பார்க்காத ஒரு நிம்மதி. அதோடு விட்டிருக்கலாம் பாவி. கண்ணைத் திறந்தான், கையை நீட்டினான்.

"டார்ச்சை எடு."

"எதுக்கு?"

"எடுடீங்கறேன்."

கிட்டாரை வாங்கித் திருப்பினான். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில், அடிப்பக்கம், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். "இங்க பாரு. வார்னிஷ் வழிஞ்சு அப்படியே காஞ்சிருக்கு."

பார்த்தேன். அரிசி அளவில் ஒரு சொட்டு, அதற்கு ஒரு சின்ன வால். விலாப்பக்கம் வேறு விரல்நகம் அளவு ஓரிடம் பளபளப்பில்லாமல் மங்கிக் கிடந்தது. அவன் சொல்லாமல் விட்டிருந்தால் நான் செத்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போற அவசரத்துல அடிச்சிருக்கான். திருப்பி அனுப்பு."

"உனக்கென்ன பைத்தியமா? சத்தத்தைக் கேட்டியா இல்லியா?"

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. எட்டாயிரம் டாலருக்கு சத்தம் மட்டுமா கேட்டேன்? என் கையால இப்படி ஒரு வண்டி வெளிய போயிருக்கா? ஊரைக் கேளு."

"இது வண்டி இல்லடா, கிட்டார். சொட்டு இருக்கறது அடியில. அதை யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"நீ பாப்ப." அவனுக்கு மூச்சு வாங்கியது. குழாயைச் சரிசெய்துகொண்டு சொன்னான். "நான் போனப்புறம் நீ இதை எடுக்கறப்பல்லாம் உன் கை இங்கதான் வந்து நிக்கும். எனக்குத் தெரியும், உன்னால தடவாம இருக்க முடியாது. ரீனோன்னா உனக்கு இந்தச் சொட்டா ஞாபகத்துக்கு வரணும்? கடைசியா ஒண்ணு குடுக்கறேன், அதைச் சுத்தமா குடுத்துட்டுப் போறேனே."

டார்ச்சை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.  

"அப்புறம் அதை வாசிக்காத. வாசிச்சா திருப்பி எடுக்கமாட்டான். அந்தப் பிளாஸ்டிக் தாளையும் உரிக்காத."

கிட்டாரின் முகத்தில், தந்திக்குக் கீழே, கீறல் படாமலிருக்க ஒட்டியிருந்த தாளைத்தான் சொன்னான். நான் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அவன் வீட்டு அடுக்களைக்குப் போய்ப் பட்டறைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நல்ல மனுஷர், மன்னிப்பு மேல் மன்னிப்புக் கேட்டார். பதினாலு நாளைக்குள், வாசிக்காமல், தாள் உரிக்காமல் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களாம். புதிதாகச் செய்து தர நாலு மாதம் ஆகும். இல்லை, இதையே வைத்துக்கொள்வதென்றால் கொஞ்சம் பணம் திருப்பித் தருவார்கள்.

"அதுக்கு முன்னாடி முடியாதுங்களா? உடம்பு முடியாதவருங்க..."

"மரம் காயணும் மேடம். வார்னிஷ் காயணும். நான் தலைகீழா நின்னாலும் ஜூன் ஆயிடும்."

ஜூன்! எங்கள் ஊரில் மழை இன்னும் விடாத பிப்ரவரி அது. கொதிக்கிற கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்துக்கொள்ளலாமடா என்று சொன்னால் ஏன் என்பான். அனுப்பினால், புதியது வருகிறபோது கேட்க அவன் இருக்க மாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆறு வாரம் குறுக்கே வந்து நின்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னடி சொன்னான்?"

"ரெண்டே வாரத்துல வேற அனுப்பறானாம்!"

"ரெண்டு வாரமா? இதுக்கு ஏழு மாசம் எடுத்தானே."

"வேற ஒருத்தருக்குச் செஞ்சது தயாரா இருக்காம்டா. அவரு வேண்டாம்னுட்டாராம். அதே மரம், அதே அளவு."

எலும்பில்லாத நாக்கு, எப்படியும் வளைகிறது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? கேட்டாத்தான் கிடைக்கும். நீயா இருந்தா பல்லை இளிச்சிட்டு வாங்கி வச்சிருப்ப."

அன்று மத்தியானமே கிட்டாரைக் காரில் போட்டுக்கொண்டு அவன் வேலை பார்த்த ஷெட்டுக்குப் போனேன். அங்கே இப்போது மெர்வ்தான் பெரிய ஆள். ரீனோவுக்குக் கீழே இருபத்திரண்டு வருஷம் திட்டு வாங்கி வளர்ந்தவன். விஷயத்தைச் சொன்னேன், வாரக்கணக்கை மட்டும் சொல்லவில்லை. சொட்டைப் பார்த்ததும் மெர்வ் பின்வாங்கினான்.

"ஐயோ செட்டா, இதைத் தொட்டேன்னு தெரிஞ்சா ரீனோ என்னை உரிச்சிடுவான்."

"உரிக்கிறதுக்கு அவன் எந்திரிச்சு வரணுமேடா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மெர்வ் என் முகத்தைப் பார்த்தான், கையைக் கழுவிக்கொண்டு வந்தான். ஈரம் தொட்ட உப்புத்தாளால் மெல்ல மெல்லத் தேய்த்தான், பிறகு பாலிஷ் போட்டான். இரண்டு மணி நேரம். சொட்டும் போயிற்று, மங்கலும் போயிற்று. வெயிலில் கொண்டுபோய்த் தேடினேன், எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கிட்டார் என் வீட்டு அலமாரிக்குள் கிடந்தது. கொடுமையைக் கேளுங்கள், அவனுக்கு மிச்சமிருந்ததே கொஞ்சம், அதில் இரண்டு வாரத்தை நானே வாரிக் கொட்டினேன். தினமும் காலையில் அவனுக்கு முகம் துடைத்துவிடும்போது, போய் எடுத்து வந்து வாசித்துவிடலாமா என்று கை பரபரக்கும். பொய் சொன்னவளுக்குப் பொய்தானே எஜமான். அவன் பேச்சு குறைந்தது, தூக்கம் கூடியது. பாலாடைக்கட்டி வைத்து அவனுக்குப் பிடித்த பாஸ்டிட்ஸி சுட்டுக்கொண்டு போனால் ஓரத்தைக் கடித்துவிட்டுத் தள்ளி வைத்தான். பதினோராம் நாள் கிட்டாரைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நான் பயந்துபோனேன்.

பன்னிரண்டாம் நாள் சூப்பர்மார்க்கெட்டில் கெஞ்சி ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாங்கி, டேப் சுற்றி, இடது கையால் விலாசம் எழுதி ஒட்டிக் கொண்டுபோனேன். என் திருட்டுத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

"வந்துடுச்சுடா!"

கண்ணைத் திறந்தான். பெட்டியைப் பிரித்துக் கிட்டாரை அவன் மார்மேல் வைத்தேன். தாங்கமாட்டான் என்று ஒரு பக்கம் நானே பிடித்துக்கொண்டேன். டார்ச்சைத் தூக்க அவன் கையில் பலமில்லை, அதையும் நான்தான் பிடித்தேன்.

"கீழ இறக்கு. இன்னும். ம், சாய்ச்சுப் பிடி."

கழுத்தடியில் வெளிச்சம் நின்றது.  வெகுநேரம் பார்த்தான். விரல் நுனியால் ஒரு தடவை தொட்டான்.

"மெர்வ் எப்படி இருக்கான்?" என்றான்.

"மெர்வா? எந்த மெர்வ்?"

"நடிக்காதடி, உனக்கு வராது. அவன் எப்பவும் வட்டமாத்தான் தேய்ப்பான், அதுவும் இடப்பக்கமாச் சுத்தி. நேரா இழுடா, நேரா இழுடான்னு இருபத்திரண்டு வருஷம் கத்தினேன். இங்க பாரு."

குனிந்து பார்த்தேன். மயிரிழையில் பாதி இருக்கும், வட்டம் வட்டமாகக் கோடுகள். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இது அதே கிட்டார்தானே?"

"ஆமா."

"புதுசு செய்ய எத்தனை மாசம்னான்?"

"நாலு."

"நாலு மாசம்தானே, இருந்து வாங்கியிருக்கலாமேடி. இப்படித் திருட்டு வேலை பண்ற அளவுக்கு அப்படி என்ன அவச..."

அந்தச் சொல் முடியவில்லை. அவன் வாய் திறந்தபடி நின்றது. கிட்டாரிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்துக்குக் கொண்டுவந்தான்.

அப்போது ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை, ஆசைப்பட்டுவிட்டேன், திருப்பி அனுப்பச் சோம்பல், எதையாவது. வீட்டுக்குப் போகிற வழியில் நூறு பொய் தோன்றியது. அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. டார்ச்சை இன்னும் கழுத்தடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஜூன் இல்ல," என்றான் மெதுவாக. "அப்ப ஈஸ்டர்?"

ஈஸ்டருக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. நான் டார்ச்சை அணைத்தேன்.

"ஓ," என்றான்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவில்லை.

"நான் கேக்கவே இல்லியேடி," என்றான் ரீனோ. கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

"மன்னிச்சுடுடா. சத்தியமா சொல்லக்கூடாதுன்னுதான்... எனக்கு வேற வழி தெரியலடா ரீனோ."

"அழாத. மரத்துமேல விழுந்தா வார்னிஷ் வெள்ளையா பூத்துடும்."

முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அவன் கிட்டாரை என் பக்கம் நகர்த்தினான். பிறகு, "அந்தத் தாளை உரி" என்றான்.

உரித்தேன். நகத்துக்கு அகப்படாமல் மூன்று தடவை நழுவி, நாலாவது தடவை வந்தது. கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"என்ன வாசிக்கட்டும்?"

"எதையாவது வாசி. கொஞ்சம் நீளமானதா பாரு."