நங்கூரத்துக்கு ஒரு பங்கு

கோட்டைக்குப்பத்து நீலமேகத்தின் படகு போன தை மாதம் தண்ணீரை விட்டு எழும்பியது; இன்னும் இறங்கவில்லை. இறாலுக்கு அப்போது நல்ல விலை இருந்தது.

எல்லாம் அவன் வலையில் சிக்கிய துப்பாக்கியால் வந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், விமானத்தின் மூக்கில் பொருத்துவதற்காக வெளிநாட்டில் யாரோ உருவாக்கியது. விமானங்கள் வேகமெடுக்க வேகமெடுக்க அதையும் வேகமாகச் சுடச் சொல்லி விரட்டினார்கள். சுழலும் விசிறியில் படாமல் சுடப் பழக்கினார்கள். தோட்டா அடைக்கும் வட்டப் பெட்டியை எடுத்துவிட்டு, தோட்டாக்களைப் பட்டையாகக் கோத்தார்கள். வேலை முடிவதற்குள் அடுத்த போர் வந்துவிட்டது. அரைகுறையாகப் பறந்து வந்து பழவேற்காடு ஏரியில் விழுந்து, சேற்றில் கிடந்தது. போலீசில் சொல்லியிருக்கலாம். கனத்த இரும்பை எவன் விடுவான்? நீலமேகம் கயிறு கட்டி நங்கூரமாக்கிக்கொண்டான்.

பிடித்ததைப் பிரிக்கும்போது ஆளுக்கொரு பங்கு, வலைக்கொரு பங்கு, படகுக்கொரு பங்கு என்பது இங்கே வழக்கம். வாடைக்காற்றில் படகைக் காப்பாற்றியதே என்று அவன் நங்கூரத்துக்கும் ஒரு பிடி இறால் வைத்தான். விடிந்து பார்த்தால் இறால் இல்லை. பட்டையில் புதிதாக ஒரு தோட்டா இருந்தது.

அவன் மனைவி குணசுந்தரி அதைத் தொடாமல் எட்டி நின்றாள். "இன்னாய்யா இது? அத்த ஏரியிலயே போட்டுட்டு வாய்யா."

"உழைச்சதுக்குப் பங்கு குடுக்காம இருக்க முடியுமாடி? நாளைக்கு எனுக்கும் இல்லேன்னுவாங்க."

மூன்று வருடம் பங்கு வைத்தான். துரு உதிர்ந்தது, குழாய் நீண்டது. எதிர்க்கரை ஏவுதளத்தில் ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் அதன் வாய் மேலே திரும்பியது. பூநாரைகள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டன. வளர்ந்து முடிந்ததும் அது தானாகப் படகின் முன்முனையான அணியத்தில் ஏறி உட்கார்ந்தது. மறுவாரம், பின்னால் இருந்த இஞ்சின் விசிறியும் முன்னால் வந்துவிட்டது. குணசுந்தரி கரையிலிருந்து கத்தக் கத்த, படகு அவனோடு கிளம்பியது.

இப்போது அது ஏரிக்கு மேலே சுற்றுகிறது. சத்தம் கேட்டால் ஊர் குனிந்துகொள்கிறது, பழகிவிட்டது. படகு தாழப் பறந்து அள்ளிக்கொள்ள, குணசுந்தரி ஓட்டுக் கூரைமேல் தினமும் ஒரு பங்கு வைக்கிறாள். வைத்தால் தோட்டாவாகிறது, வைக்காவிட்டால் புருஷன் பட்டினி. இந்தப் பாவத்தை யாரிடம் போய்ச் சொல்வாள்? ஆரம்பத்தில் வாசலில் அவன் தின்ற இறாலின் தோடும் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடும் கலந்து விழுந்தன. ஆடிக்குப் பிறகு பித்தளை மட்டும்தான் விழுகிறது. அவள் அதைப் பெருக்கி ஓரமாகக் குவித்துவிட்டு, அன்றைய பங்கோடு ஏணியில் ஏறுகிறாள்.